பியரும் நாயும் இவரின்ர வயலினும்

அரியண்டம் எண்டால் எனக்கு முதல்ல ஞாபகம் வாறது வெயிலில காய்ஞ்சு நிக்கிற பிளாஸ்ரிக் கக்கூஸ்தான். கதவைத் திறந்தால் நீல மருந்துத் தண்ணியின்ர மணமும் மற்ற மணமும் சேர்ந்து முகத்தில அடிக்கும். சீலையைத் தூக்கிச் சொருகி, மூச்சை அடக்கி உள்ள போகவேணும். கண்ணையும் மூடினால் நல்லம் போல இருக்கும், ஆனால் கண்ணை மூடினால் காலை எங்க வைக்கிறது? எண்பதுகளின்ர கடைசியில வந்த கோடையெல்லாம் சனி ஞாயிறு எண்டால் எனக்கு இந்தச் சீவியம்தான். லண்டனின்ர ஏதோவொரு பார்க்கில, இல்லாட்டி ஒரு பப்பின்ர பின்வளவில, இல்லாட்டி ஊர் ஓரத்து மாட்டுப் பண்ணையில நாட்டுப்பாட்டு விழா எண்டு துணி கட்டியிருப்பினம். வைக்கோல் கட்டுகளை அடுக்கிப் பலகை போட்ட மேடை. கீழ பியர் வாளி, சொசேஜ் புகை, எண்ணிக்கையில்லாத நாய். மேடையில என்ர மனுசன் சம்மணம் கட்டியிருந்து வயலின் வாசிச்சுக்கொண்டிருப்பார்.

இவர் ஊரில சங்கீத வாத்தியார். பள்ளிக்கூடத்தில படிப்பிச்சுக்கொண்டு கோயில் திருவிழாவுக்கும் கச்சேரிக்கும் பக்கவாத்தியம் வாசிக்கப் போறவர். பாடுறவருக்குப் பக்கத்தில இருந்து, அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் பின்னாலயே போற வேலை. எண்பத்திமூண்டுக் கலவரத்துக்குப் பிறகு லண்டனுக்கு வந்து, தோர்ண்டன் ஹீத்தில ஒரு சின்ன வீடெடுத்து, பாண் சுடுற பக்டறியின்ர குளிர் அறையில வேலைக்குச் சேர்ந்தார். ஷிப்ட் முடிஞ்சு வந்தால் விரல் விறைச்சுக் கட்டையாய் இருக்கும். நான் சுடுதண்ணி வைச்சுக் குடுப்பன், அதுக்குள்ள கையை விட்டுக்கொண்டு, "இஞ்சாரும், இந்த விரல் இறுகிறதுக்குள்ள ஒருக்கா மேடையில இருந்து நாலு சனத்துக்கு வாசிக்கவேணும்" எண்டுவார். அதைத் தவிர அந்த மனுசன் வேற ஒண்டுக்கும் ஆசைப்பட்டதை நான் காணேல்லை.

இதென்ன பெரிய ஆசையோ? லண்டனில எங்கட சனத்துக்கு அப்ப கிழமைக்கொரு அரங்கேற்றம். ஆனால் பாட்டுக்கு மட்ராஸ், மிருதங்கத்துக்கு மட்ராஸ், வயலினுக்கும் மட்ராஸ். பிளேனில வந்து இறங்கினால்தான் வித்துவான். தோர்ண்டன் ஹீத்தில இருந்து பஸ்ஸில வந்தால் வித்துவான் இல்லை. ஆரும் இவரை அறிமுகப்படுத்தினால், "ஓ, லோக்கலோ?" எண்டு கேப்பினம், கடையில வாடின கீரைக்கட்டைத் திருப்பி வைக்கிற மாதிரி. கேட்டுப்போட்டு அந்தப் பக்கம் திரும்பி மட்ராஸ்காரருக்கு வடை எடுத்துக் குடுப்பினம். எனக்கு அந்த வடையைப் பறிச்சு எறியவேணும் போல இருக்கும்.

அப்பத்தான் இந்தப் புல்வெளி விசயம் வந்தது. பக்டறியில பாண் வான் ஓட்டுற ஒரு வெள்ளைக்காரர், ஆள் அலுமாரி மாதிரி, தாடி நெஞ்சு வரைக்கும். தேத்தண்ணி நேரத்தில இவர் தன்ர வலது கையில இடது கை விரலை ஓட்டிக்கொண்டிருந்ததை அந்த மனுசன் கண்டிட்டு, "வயலினோ?" எண்டு கேட்டவராம். இத்தினை வருஷத்தில எங்கட ஆக்கள் ஒருத்தரும் கேக்காத கேள்வி. தாடிக்காரர் பஞ்சோ வாசிக்கிறவர். பஞ்சோ எண்டால் கஞ்சிராவுக்கு நீளக் கழுத்து வைச்சுக் கம்பி கட்டின மாதிரி ஒரு வாத்தியம். அவையின்ர குறூப் வாசிக்கிறது புளூகிராஸ் எண்டு அமெரிக்க மலைப்பக்கத்துச் சனத்தின்ர பாட்டு. வயலின்காரன் விட்டிட்டுப் போயிட்டான், நீ வாறியோ எண்டு கேட்க, இவர் என்னை ஒரு சொல்லுக் கேக்காமல் ஓம் எண்டிட்டு வந்து நிக்கிறார்.

எனக்கு அந்தப் பாட்டும் பிடிக்கேல்லை. எல்லாம் பஸ்ஸை விட்டவன் ஓடுற ஓட்டம். பாட்டின்ர விசயம் எண்டால் செத்துப்போன தாய், ஓடிப்போன பெண்சாதி, இல்லாட்டி ரயில். அதைச் சிரிச்சுக்கொண்டு பாடுவினம்.

முதல் ஒத்திகை தாடிக்காரரின்ர கராஜில நடந்தது, பழைய ரயருக்கும் பெயின்ற் ரின்னுக்கும் நடுவில. நானும் போய் ஒரு மூலையில குந்தியிருந்தன். பாடுறது நீளப் பாவாடை போட்ட ஒரு மெல்லிய மனுசி. அவ வாய் திறந்து முதல் வரியைப் பாட, இவர் அந்த வரியை அவவுக்குப் பின்னாலயே வயலினில வாசிச்சுக்கொண்டு போனார். அவ இழுத்தால் இவரும் இழுத்தார். அவ இருமினா, இவர் வில்லை எடுத்துப்போட்டுக் காத்திருந்தார். அவ பாட்டை நிப்பாட்டி, "ஏன் என்ர பாட்டை நீங்கள் பாடுறீங்கள்?" எண்டு கேட்டா. இவர் திகைச்சுப்போனார். "அதுதானே என்ர வேலை?" எண்டார்.

அவையின்ர முறை வேற. ஆள் பாடேக்கை வயலின் பேசாமல் இருக்கவேணும். ஒரு அடி முடிஞ்சாப் பிறகு வாத்தியக்காரர் ஒவ்வொருத்தராய் மைக்குக்குக் கிட்ட வந்து, தன்ரபாட்டில தனிய வாசிச்சிட்டுப் பின்னுக்குப் போறது. எங்கட கச்சேரியிலயும் தனிய வாசிக்க விடுவினம்தான், ஆனால் பாடுறவர் வழி காட்டிவிட்ட பிறகுதான் வயலின். இவர் இருபது வருஷமாய் இன்னொருத்தரின்ர வாயைப் பாத்து வாசிச்ச மனுசன். "இப்ப நீங்கள்" எண்டு தாடிக்காரர் தலையை ஆட்ட, இவர் பாடுறவவின்ர முகத்தைப் பாத்தார், அவ ஏதும் எடுத்துக் குடுப்பா எண்டு. அவ இவரைப் பாத்தா. ரண்டு பேரும் முழிச்சுக்கொண்டிருக்க இவரின்ர முறை முடிஞ்சு போச்சு. எனக்கு வெக்கக்கேடாய் இருந்தது.

அதைவிட இன்னொரு பிரச்சினை. அவை நிண்டு வாசிக்கிறவை, எல்லாருக்கும் ஒரேயொரு மைக். எங்கட முறையில நிலத்தில இருந்து, வயலினின்ர தலையைக் கணுக்காலில வைச்சுத்தான் வாசிக்கிறது. இருக்கிற மனுசன் என்னெண்டு முன்னுக்கு வாறது? அரக்கி அரக்கியோ? கடைசியில தாடிக்காரர்தான் ஒரு வழி கண்டுபிடிச்சார். மைக்கைக் கீழ இறக்கி இவருக்கு முன்னால வைக்கிறது. மற்றவை தங்கட முறை வர முழங்காலில நிக்கிறது. அந்தப் பெரிய உடம்பெல்லாம் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு முழங்கால் குத்தி எழும்பிறதைப் பாத்துச் சனம் கைதட்டிச் சிரிக்கும். இதென்ன கச்சேரியோ, சேர்க்கஸோ எண்டு எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

இவர் எங்கட வீட்டுப் பெற்சீற்றை விரிச்சுத்தான் இருப்பார். முதல் நாளே தாடிக்காரர் சேறு பூசின பூட்ஸோட அதில ஏறி நிண்டார். நான் கீழ இருந்து, "ஐயோ, சப்பாத்து! சப்பாத்து!" எண்டு தமிழில கத்தினன். இவர் எழும்பி விசயத்தைச் சொல்ல, அதுக்குப் பிறகு எல்லாரும் சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத்தான் மேடையில ஏறினவை. அது அதைவிடப் பெரிய அரியண்டமாய்ப் போச்சு. ஓட்டைச் சொக்ஸ், வெளியில எட்டிப் பாக்கிற பெருவிரல், அந்த மணம் முழுக்க முன்வரிசையில இருக்கிற எனக்கு.

சனமோ எண்டால் படுத்திருந்து கேக்கும். ஓம், படுத்திருந்து! புல்லில முதுகைப் போட்டு, காலை மேடைப்பக்கம் நீட்டிக்கொண்டு. வயலினில சரஸ்வதி இருக்கிறா எண்டு தொட்டுக் கும்பிட்டு வளர்ந்த எனக்கு, வரிசை வரிசையாய் ஊத்தை உள்ளங்கால் அந்த வயலினைப் பாத்துக்கொண்டு கிடந்தால் எப்பிடி இருக்கும்? ஒருநாள் ஏலாமல் போய் ஒரு தடியனுக்குக் கிட்டப் போய், காலை மடக்கு எண்டு கையால காட்டினன். எனக்குக் குளிருது எண்டு நினைச்சானோ என்னவோ, அவன் தன்ர போர்வையை உருவி எனக்குத் தந்தான். முழுக்க நாய் மயிர். இன்னொரு நாள் என்ர இடியப்பப் பெட்டிக்குள்ள ஒரு நாய் மூக்கை விட்டது. நாய்க்காரி ஓடி வந்து, "அவனுக்கு உங்களைப் பிடிச்சுப் போச்சு" எண்டு சிரிக்கிறா. எனக்கு உவனைப் பிடிக்கேல்லையடி எண்டு மனசுக்குள்ள சொல்லிக்கொண்டு இடியப்பத்தைக் கொண்டுபோய்க் குப்பையில கொட்டினன்.

இவ்வளவும் அரியண்டம் எண்டால் ஏன் பின்னால போனனீங்கள் எண்டு கேப்பியள். திரும்பி வாற ரயிலில இவரின்ர முகத்தைப் பாத்திருந்தால் கேக்க மாட்டியள். விரலை மடக்கி நீட்டிப் பாத்துத் தன்ரபாட்டில சிரிப்பார். திங்கட்கிழமை குளிர் அறைக்குப் போகேக்கையும் அந்தச் சிரிப்பில கொஞ்சம் மிச்சமிருக்கும். ஆனால் எனக்கு அது காணாது. இந்தக் கையை எங்கட சனம் கேக்கவேணும், வேட்டி சால்வையோட, குத்துவிளக்குக்குப் பக்கத்தில இருந்து வாசிக்கேக்கை கேக்கவேணும். அதுக்கு நான் நேராத கோயில் இல்லை.

நேர்த்தி பலிச்சமாதிரித்தான் ஒரு ஓகஸ்ட் மாசம் வீட்டு மணி அடிச்சது. ரெய்னர்ஸ் லேனில இருந்து ஒருத்தர், பெற்றோல் ஸ்டேஷன் வைச்சிருக்கிறவர். வாற ஞாயிற்றுக்கிழமை மகளின்ர பரதநாட்டிய அரங்கேற்றமாம். பாட்டுக்காரரும் மிருதங்கக்காரரும் மட்ராசில இருந்து வந்திட்டினம், வயலின்காரருக்கு மட்டும் விசா கிடைக்கேல்லையாம். எனக்குக் கால் நிலத்தில நிக்கேல்லை. ஓடிப்போய் ஏலக்காய் போட்டுத் தேத்தண்ணி ஊத்தி, வடையும் சுட்டுக்கொண்டு வந்து வைச்சன்.

இவரும் நிமிர்ந்து இருந்து, "என்னென்ன உருப்படி? ஒத்திகை எப்ப வைப்பம், தம்பி?" எண்டு கேட்டார்.

"ஒத்திகை ஒண்டும் தேவையில்லை, அண்ணை" எண்டார் வந்தவர், வடையைக் கடிச்சுக்கொண்டு. "பாட்டுக்காரர் வயலின் இல்லாமலே சமாளிக்கலாம் எண்டிட்டார். பிரச்சினை என்னெண்டால் வீடியோ எடுக்கிறம். மேடையில ஒரு வயலின் தெரியாட்டில் வெறிச்சுக் கிடக்கும். நீங்கள் வந்து இருந்தால் காணும். உங்கட மைக்கைக் குறைச்சு விடுவம், நீங்கள் ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ."

வந்தவர் அதோட விட்டாரோ? "இன்னொரு விசயம், அண்ணை. நீங்கள் உந்தக் குடிகார வெள்ளையளோட புல்லுக்குள்ள இருந்து வாசிக்கிறதாய்க் கேள்வி. அண்டைக்குப் பெரிய ஆக்கள் வருவினம். உந்த விசயத்தை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. இனிமேல் உந்தப் பழக்கத்தை விட்டிட்டால் நல்லம்."

வடைத் தட்டைத் தூக்கி அந்த மனுசனின்ர மடியில கவிழ்க்கலாம் எண்டு யோசிச்சுக்கொண்டு நிக்கிறன். இவரின்ர குரல் ஏறவேயில்லை.

"தம்பி, ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு கச்சேரி இருக்கு."

"என்ன கச்சேரி?"

"நீங்கள் சொன்ன அந்தப் புல்லுக்குள்ளதான்."

இவர் அதைக் கச்சேரி எண்டு சொன்னது அண்டைக்குத்தான் முதல் தரம். வந்தவர் மிச்ச வடையைத் தட்டில வைச்சிட்டு, "யோசிச்சுப் பாருங்கோ, அண்ணை, உப்பிடிச் சந்தர்ப்பம் வராது" எண்டு முகத்தைச் சுழிச்சுக்கொண்டு எழும்பிப் போனார். நான் கதவைச் சாத்தின சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரி யன்னலால எட்டிப் பாத்தா. எனக்கு ஆத்திரம் அடங்கேல்லை, எங்கட சனத்தின்ர பரம்பரை முழுக்க இழுத்துத் திட்டினன். இவருக்கோ வேற கவலை. "தகப்பன் கதைச்சதுக்குப் பிள்ளை என்ன செய்யும்? பாவம், வயலின் இல்லாமல் ஆடப்போகுது" எண்டு குசினிக்கும் அறைக்கும் நடந்துகொண்டிருந்தார்.

அந்த ஞாயிறு விடிய வெளிக்கிட்ட மழை விடவேயில்லை. லண்டனின்ர தெற்கு ஓரத்தில ஒரு பண்ணை. வயல் முழுக்கச் சேறு, சேறோட பியரும் சேர்ந்து புளிச்ச மணம். கக்கூஸ் பெட்டி ஒண்டு சரிஞ்சு கிடந்தது, அதைப் பற்றி நான் இதுக்கு மேல எழுத மாட்டன். சனமும் பெரிசாய் இல்லை. பிளாஸ்ரிக் பையைத் தலையில கவிழ்த்துக்கொண்டு கொஞ்சப்பேர், அவையின்ர நனைஞ்ச நாயள். இதுக்காகவோ குத்துவிளக்கு மேடையை விட்டது எண்டு எனக்கு வயிறு எரிஞ்சது.

பாடுற மனுசி ஏதோ ஆத்தங்கரைப் பாட்டு ஒண்டைப் பாடினா. பஞ்சோ தன்ர முறையை வாசிச்சு முடிச்சுது. அடுத்தது இவர். நான் வழக்கம்போலத் தலையைக் குனிஞ்சன், இவர் அவவின்ர முகத்தைப் பாத்துப்போட்டு, நாலு சுரம் பயந்து பயந்து வாசிச்சிட்டு வில்லை எடுப்பார் எண்டு. ஆனால் இவர் கண்ணை மூடியிருந்தார். மோகன ராகத்தைத் தொட்டார். அந்தப் பாட்டுக்குள்ள மோகனம் கிடந்தது எண்டு பேந்து எனக்குச் சொன்னவர், அப்ப எனக்கு அது ஒண்டும் தெரியாது. மெதுவாய்த் தொடங்கி, மேல போய், திரும்பி வந்து, திரும்பவும் போனார். முறை முடியிற இடம் வந்தது. தாடிக்காரர் முழங்காலில நிண்டபடியே தன்ர கம்பியைக் கையால பொத்திப்போட்டு மற்றவையைப் பாத்தார். அவையும் வாத்தியத்தை நிப்பாட்டிச்சினம். மழையும் வயலினும் மட்டும்தான். படுத்திருக்க வழியில்லாமல் எல்லாரும் சேத்துக்குள்ள நிண்டு கேட்டுக்கொண்டிருந்தவை. எனக்குப் பக்கத்தில நிண்ட ஒருத்தன், நாய் குரைச்சிடும் எண்டு அதின்ர வாயைப் பொத்திப் பிடிச்சுக்கொண்டு நிண்டான்.

என்ர மனம் குளிர்ந்துபோச்சு எண்டு நினையாதேங்கோ. கண்ணால தண்ணி ஓடினதுதான், ஆனால் அது ஆத்திரத்தில வந்த தண்ணி. ஊரில கல்யாணம், திருவிழா எண்டு எத்தினை தரம் இவர் வாசிச்சதைக் கேட்டிருக்கிறன், ஒருக்காலும் இப்பிடி வாசிச்சதில்லை. இதைக் கேக்கிறதுக்கு எங்கட பாஷை தெரிஞ்ச ஒரு சீவன் அந்த வயலில என்னைத் தவிர இல்லை. அதே நேரத்தில ரெய்னர்ஸ் லேனில எங்கட சனம் பட்டுச்சீலை சரசரக்க வீடியோவுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். சீ எண்டு போச்சு எனக்கு. வீட்டுக்குத் திரும்புற ரயிலில இவர், "ஒருத்தரும் என்னை நிப்பாட்டேல்லை, பாத்தீரோ?" எண்டு மட்டும் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் லூயிஷாம் கோயிலுக்குப் போனன். பூசை முடிஞ்சு பொங்கல் வாங்கிக்கொண்டு நிக்க, அரங்கேறின பெட்டையின்ர சித்தி, பெற்றோல் ஸ்டேஷன்காரரின்ர தம்பியின்ர மனுசி, என்னைக் கண்டிட்டு ஓடி வந்தா. என்னோட பழக்கமான மனுசிதான். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, அரங்கேற்றம் அந்த மாதிரி! உங்கட அவர் வராட்டிலும் நாங்கள் சமாளிச்சிட்டம். வயலினுக்கு ஆர் இருந்தது எண்டு சொல்லுங்கோ பாப்பம்? எங்கட இவர்தான்!"

"உங்கட அவர் வயலின் படிச்சவரோ?" எண்டு கேட்டன்.

"எங்க படிச்சது! ஆரிட்டையோ இரவல் வாங்கின வயலின். வில்லின்ர மயிருக்கு ஒரு பிசின் தேய்க்கிறதாமே, அது தேய்க்காட்டில் இழுத்தாலும் சத்தம் வராதாம். தேய்க்காமல் குடுத்துப்போட்டு, பாட்டுக்காரர் தலையை ஆட்டேக்கை நீங்களும் ஆட்டுங்கோ எண்டு சொல்லிவிட்டம். வீடியோவில என்ன வடிவு தெரியுமோ!"

"சபையில ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லையோ?"

"ஆர் கண்டுபிடிக்கிறது? பிரதம விருந்தினர் பொன்னாடையும் போத்தி, வயலின் நல்ல உருக்கம் எண்டு மேடையில பேசினவர், அக்கா!" சொல்லிச் சொல்லிச் சிரிச்சா, சிரிச்சுக் கண்ணையும் துடைச்சா.

சபை நிறையச் சனம், அதில பாதிப்பேர் பிள்ளையளைச் சங்கீத வகுப்புக்கு இழுத்துத் திரியிறவை, ஒருத்தருக்குமோ காது இல்லை? கையில இருந்த பொங்கலை அவவின்ர கையில குடுத்தன். சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு வெளிக்கிட்டிட்டன். பஸ்ஸில வரேக்கை முழுக்க அந்தச் சிரிப்புத்தான் காதுக்குள்ள கேட்டுது.

வீட்டை வர இவர் வேலையால வந்து மேசையில இருந்தார். என்ர முகத்தைப் பாத்திட்டு, "கோயிலில ஆரையும் கண்டனீரோ? அந்தப் பிள்ளையின்ர அரங்கேற்றம் எப்பிடியாம்?" எண்டு கேட்டார்.

"நல்லாப் போச்சுதாம்."

"வயலின் இல்லாமலோ?"

நான் அடுப்புப் பக்கம் திரும்பி நிண்டன். "கடைசி நேரத்தில ஆரோ ஒரு வித்துவான் கிடைச்சவராம். நல்ல உருக்கமாய் வாசிச்சவராம்" எண்டன். பொய் சொல்லுறம் எண்டு எனக்கு ஒரு வெக்கமும் வரேல்லை.

பெரிய மூச்சொண்டு விட்டார். "அப்பாடா. என்னால பிள்ளைக்குக் குறை வந்திடுமோ எண்டு நித்திரையே இல்லை எனக்கு" எண்டார். பிறகு, "அந்த மனுசனுக்கு மரியாதை ஏதும் செய்தவையோ?" எண்டு கேட்டார்.

"ஓம். பொன்னாடை போத்தினவை."

"பாத்தீரே?" எண்டார் இவர், முகமெல்லாம் மலர்ந்து. "எங்கட சனம் ஒரு கலைஞனைச் சும்மா விட்டிடாது. நீர்தான் அதுகளைத் திட்டிக்கொண்டு திரியிறீர்."